கண்ணில் படாத துப்பாக்கி

செப்டம்பர் 9, செவ்வாய்

பெயிண்ட் இருபது நிமிடத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. ஏரியிலிருந்து ஈரக்காற்று வரும் நாளில் நாற்பது நிமிடம் ஆகும். சும்மா நின்றுகொண்டிருந்தால் விரல் தானாகப் போய்த் தொட்டுவிடும், ரேகை பதிந்துவிடும். அதனால்தான் கையில் இந்த நோட்டு.

காரேஜில் ஆர்விட் கட்டித் தந்த கம்பியில் ஐந்து துப்பாக்கிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. எல்லாம் நாங்கள் காட்டில் அணி பிரிந்து ஆடும் ஆட்டத்துக்கான, பிளாஸ்டிக் மணி சுடும் ஏர்சாஃப்ட் பொம்மைகள்தான். பொம்மை என்று காட்ட முனையில் ஆரஞ்சு வளையம் இருக்கிறது. ஆனாலும் ஆர்விட் காபியோடு எட்டிப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆன மத்த டீச்சருங்க ஸ்வெட்டர் பின்றாங்க. என் பொண்டாட்டி ஆயுதக் கிடங்கு வெச்சிருக்கா," என்றார்.

"ஸ்வெட்டர்தான் வேணும்னா நீங்க பின்னுங்க."

"நான் பேஸ்டி சுடுறேனே, அது போதாதா?"

போதும். இந்த ஊரில் அவர் அளவுக்கு டர்னிப் கிழங்கும் கறியும் மாவுக்குள் வைத்து மடித்து பேஸ்டி சுடுகிறவர் இல்லை.

வேலை எளியதுதான். முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியின் கண்ணாடியை டேப்பால் மூட வேண்டும். பிறகு வைக்கோல் நிறத்தில் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் நிஜ இலையை மேலே வைத்து, ஓரமாகக் கரும்பச்சையைப் 'புஸ், புஸ்' என்று இரண்டே அடி. இலையை எடுத்தால் அதன் உருவம் அப்படியே நிற்கும். கடைசியாகப் பளபளப்பு போக ஒரு மங்கல் பூச்சு.

முப்பத்தோரு வருடம் உயிரியல் வகுப்பில் சொன்னதைத்தான் இப்போது செய்கிறேன். கண் முதலில் நிறத்தைத் தேடாது, ஓரத்தைத் தேடும். மான்குட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முதுகுப் புள்ளிகள் அதைக் காட்டின் நிறமாக மாற்றுவதில்லை. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நமக்குத் தெரியாமல் செய்கின்றன, அவ்வளவுதான்.

யாருக்குப் பாடம் நடத்துகிறேன்? நோட்டுக்கு.

செப்டம்பர் 13, சனி

ஹூஹ்தா என்பவரின் நிலத்தில் எங்கள் அணிக்குப் பயிற்சி ஆட்டம். அறுபது ஏக்கர், பாதி மேப்பிள் காடு, பாதி பழைய செம்புச் சுரங்கம் தோண்டிப் போட்ட மேடு.

நான் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் எங்கள் அணித்தலைவி மார்லா ஓடி வந்தாள். தபால் ஆபீசில் இருக்கிறாள், என்னிடம் படித்தவள். "டீச்சர், புதுசா ஒருத்தரைச் சேர்த்திருக்கேன். கோச்சுக்காதீங்க."

"யாரு?"

"ரோலண்ட் சார்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் அவருக்குத்தான், என் மேல்.

ரோலண்ட் எங்கள் பள்ளியில் மரவேலை ஆசிரியராக இருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் பள்ளி நிர்வாகம் மரவேலைப் பட்டறையை மூடி, அந்த அறையை எனக்கு ஆய்வுக்கூடமாகக் கொடுத்தது. அந்த நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொள்வார்.

இன்று ஒரு வாக்கியம் பேசினார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது."

ஒன்பது வருடத்தில் ஒன்று. முன்னேற்றம்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று எழுத விட்டுப்போனது. ரோலண்டின் துப்பாக்கி.

ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் ரகம். கடையில் வாங்கியபோது தோளில் தாங்கும் பிடியாக இருந்த பிளாஸ்டிக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து வால்நட் மரத்தில் தானே கட்டை செதுக்கியிருக்கிறார். தோளில் பதியும் இடம் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கிறது. எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து…

பளபளக்கிறது. அதுதான் சிக்கல். நேற்று மூன்று ஆட்டம், மூன்றிலும் முதலில் விழுந்தவர் அவர். இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. மணி மேலே பட்டால், பட்டவரே "பட்டுடுச்சு!" என்று கத்தி, தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, களஞ்சியத்துப் பக்கம் இருக்கும் பெஞ்சுக்குப் போய்விட வேண்டும். ரோலண்ட் மேல் சுள்ளி விழுந்தாலும் கத்துவார், அவ்வளவு நேர்மை. ஆனால் நேற்று விழுந்தது சுள்ளி இல்லை. வெயிலில் கண்ணாடி காட்டுகிற மாதிரி தன் இடத்தைத் தானே காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 20, சனி

பந்தயம்!

நான்தான் ஆரம்பித்தேன். பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் நின்று, "உங்க துப்பாக்கிய என்கிட்ட குடுங்க, பெயிண்ட் பண்ணித் தரேன்," என்றேன்.

"வால்நட்டுல பெயிண்டா? உங்க சர்ச்சுல இதுக்கெல்லாம் மன்னிப்பு உண்டா டீச்சரம்மா?"

"என் துப்பாக்கிய இருபது அடிக்குள்ள வெச்சிடுறேன். பத்து நிமிஷத்துல கண்டுபிடிங்க. முடியலைன்னா உங்களது என் கைக்கு வரணும்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"நீங்க என்கூட பேசவே வேணாம்."

"அது இப்பவே எனக்கு இலவசமாத்தானே கிடைக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம். மார்லா கடிகாரத்தைப் பிடித்தாள். ரோலண்ட் குனிந்தார், தவழ்ந்தார், ஒரு புதரை உதைத்தார், அதனிடம் மன்னிப்பும் கேட்டார். எட்டாவது நிமிடம் களைத்துப்போய் ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். அவருடைய இடது பூட்ஸை ஒட்டித்தான் கிடந்தது என் துப்பாக்கி. மார்லா வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணீர் விட்டாள்.

பத்து நிமிடம் முடிந்ததும் நான் குனிந்து எடுத்துக் காட்டினேன். அவர் தன் பூட்ஸையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மரத்துல ஒரு கீறல் விழக் கூடாது," என்றார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ரோலண்ட் அதைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். காரேஜ் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

வால்நட்டின் மேல் நேராக வண்ணம் அடிக்க எனக்கே மனம் வரவில்லை. காகித டேப்பை நெருக்கமாக, விளிம்பு மேல் விளிம்பு ஏறும்படி சுற்றினேன். வண்ணம் எல்லாம் டேப்பின் மேல்தான். எப்போது வேண்டுமானாலும் உரித்துவிடலாம். சுற்றி முடிக்கவே மூன்று மணி நேரம்.

வடிவத்துக்குப் பெரணிச் செடியின் ஓலை. ஹூஹ்தா நிலம் முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பெரணிதான், இந்த வாரம் எல்லாம் பொன்னிறம். ஓலைகளைப் பறித்து வந்து, நிறத்தை அவற்றின் பக்கத்திலேயே வைத்துக் கலந்தேன். பொன், கொஞ்சம் துரு, தண்டுக்கு ஒரு பழுப்புக் கோடு. ஆரஞ்சு வளையத்தின் மேல் ஹூஹ்தா நிலத்துக்குள் ஆடும்போது மட்டும் மாட்டிக்கொள்ள ஒரு சணல் உறையும் தைத்தேன். வெளியே எடுத்துப் போகும்போது கழற்றிவிட வேண்டும், அது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி.

நானே செய்ததை நானே புகழக் கூடாது. ஆனால் இது நான் செய்ததிலேயே நல்லது. ஆர்விட் மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 4, சனி

எழுத்து கோணுகிறது, போகட்டும்.

பெரிய ஆட்டம் இன்று. ஏரிக்கு அந்தப் பக்கத்து அணியோடு வருடத்துக்கு ஒருமுறை. மூன்று மணி வரை ரோலண்டை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை! அவர் மட்டும் ஆறு பேரைப் பெஞ்சுக்கு அனுப்பினார். அங்கே சிவப்புத் துணியோடு உட்கார்ந்திருந்தவர்கள், "புதர் சுடுது, புதர்!" என்று முறையிட்டார்கள். என் வாழ்நாளில் ஒரு மாணவன் முதல் பரிசு வாங்கியபோதுகூட இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பிறகு ரோலண்ட் மேல் ஒன்று பட்டது. "பட்டுடுச்சு!" என்று கத்தினார். சிவப்புத் துணி கட்ட இரண்டு கையும் வேண்டும். துப்பாக்கியை ஒரு மரத்தில் சாய்த்து வைத்தார். அந்த நேரம் பார்த்து மார்லா ஒரு குழியில் காலை விட்டு அலறினாள். அவர் ஓடினார். அவளைத் தாங்கிப் பெஞ்சுக்குக் கொண்டுவந்து, பூட்ஸ் கழற்றி, ஐஸ் வைத்து… சுளுக்குத்தான். அரை மணி கழித்துத் திரும்பிப் போனால்,

காணோம்.

யாரும் எடுக்கலை. எடுக்கிறவங்க யாரும் இங்க இல்லை. வெச்ச இடத்துலதான் இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியலை. நான் பண்ணின வேலை. ஆரஞ்சு வளையமாவது தெரிஞ்சிருக்கும். அதையும் உறை தைச்சு மூடினேனே, அந்தக் கெட்டிக்காரத்தனம் யார் கேட்டா?

துப்பாக்கி தொலைந்தால் ஆட்டம் நிற்கும் என்பது இங்கே வழக்கம். இரண்டு அணியும், இருபத்து நான்கு பேர், வரிசையாகக் கைகோத்து இருட்டும் வரை தேடினோம். எதிரணித் தலைவர் கிளம்பும்போது, "உங்க டீச்சர் அடுத்த தடவை ஆளுங்களுக்கே பெயிண்ட் அடிக்கப் போறாங்க. வீட்டுக்குப் போறப்ப தலைய எண்ணிக்கிட்டுப் போங்கப்பா," என்றார். ரோலண்டைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் வண்டியில் ஏறும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார். "அன்னிக்குப் பட்டறை. இன்னிக்கு இது."

அக்டோபர் 5, ஞாயிறு

தேடினோம். இல்லை. "ஒரு மேப்பிள் பக்கம்" என்கிறார் ரோலண்ட். அங்கே நாலாயிரம் மேப்பிள்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆர்விட் தன் மச்சினனிடமிருந்து மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்தார். சுரங்க நிலத்தில் மெட்டல் டிடெக்டர்! நூறு வருட இரும்பு மண்ணுக்குள் கிடக்கிறது. கருவி ஒரு அடிக்கு ஒருமுறை கத்தியது. கிடைத்தவை: ஒரு குதிரை லாடம், அடுப்பு மூடி, பாதிக் கரண்டி, மண்வெட்டித் தலை இரண்டு.

"இன்னும் ரெண்டு நாள் தேடினா ஒரு சமையலறையே செட் ஆயிடும்," என்றார் ஆர்விட்.

ரோலண்ட் தனியாகத் தூரத்தில் தேடிக்கொண்டிருந்தார். மதியம் பேஸ்டி கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

இருபத்தொன்றாம் தேதி வாக்கில் இந்த வருடத்தின் முதல் பனி விழும் என்று ரேடியோ சொல்கிறது. இங்கே பனி ஒருமுறை படிந்தால் ஏப்ரலில்தான் தரை தெரியும். ஆறு மாத ஈரத்தில் வால்நட் வெடித்துவிடும். அந்த மனிதர் இன்னொன்று செதுக்குவாரா? செதுக்கினாலும் என்னிடம் பேசுவாரா?

அக்டோபர் 8, புதன்

மழை. போகவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

காரேஜைப் பெருக்கப் போனேன். வேலை மேசையில், ரோலண்டின் துப்பாக்கிக்கு வண்ணம் அடித்த அன்று விரித்த செய்தித்தாள் அப்படியே கிடந்தது. அதன் மேல், அச்சுக்கு வைத்த பெரணி ஓலைகள். இரண்டு வாரத்தில் சுருண்டு, காபித்தூள் நிறமாகி, தொட்டால் நொறுங்கின. செய்தித்தாளில் தெறித்த வண்ணம் மட்டும் அன்று கலந்த அதே பொன்னிறம்.

துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எய்லா கோஸ்கெலா, முப்பத்தோரு வருடம் என்ன பாடம் நடத்தினாய் என்று என்னையே கேட்டேன். வெள்ளை முயலை எடுத்துக்கொள்வோம். பனி இருக்கும்வரை அதைப் பார்க்க முடியாது. பனி உருகிய பிறகும் ரோமம் மாறாமல் இருந்தால்? ஊரில் உள்ள நரிகளுக்கெல்லாம் விருந்து. முயல் எதுவும் செய்யவில்லை, சுற்றியிருப்பதுதான் மாறியது.

துப்பாக்கி மாறாது. காடு மாறும்.

அக்டோபர் 10, வெள்ளி

ரோலண்டின் வீட்டுக் கதவை முதல்முறையாகத் தட்டினேன். செய்தித்தாளையும் நொறுங்கிய ஓலையையும் காட்டினேன்.

"தேடுறத நிறுத்துங்க."

"என்ன?"

"நல்ல உறைபனி ரெண்டு ராத்திரி விழுந்தா போதும். பெரணி எல்லாம் கருகிப் படுத்துடும். உங்க துப்பாக்கி மட்டும் பொன்னா நிக்கும். நாம சும்மா நடந்து பார்த்தா போதும்."

"அதுக்கு முன்னாடி பனி கொட்டிட்டா?"

"கொட்டிட்டா… என் தப்பு."

அவர் ஓலையைக் கையில் எடுத்தார், பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "காலைல எட்டு மணி. லேட்டா வந்தா நான் கிளம்பிடுவேன்," என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

நான்காவது நடை. பெரணி இன்னும் நிமிர்ந்தே நிற்கிறது, திமிர் பிடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அக்டோபரில் குளிர் போதவில்லை என்று குறைப்படுகிறேன்.

ஓடையைத் தாண்டும்போது நானே கேட்டேன். "அந்த ரூமுக்காகவா ஒன்பது வருஷம்?"

"ரூமுக்காக இல்லைங்க. ரூம்ல என்ன இருக்கு, நாலு சுவரு. நீங்க மீட்டிங்ல சொன்னீங்களாமே, மரவேலை இனிமே யாருக்கு வேணும்னு. பிரின்சிபல் சொன்னாரு. அது நிஜமா, இல்ல அவரா கட்டிவிட்டாரா? அத மட்டும் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் இருந்த பாதிப் பேர் இப்போது இந்த ஊரிலேயே இல்லை.

"சொன்னேன்," என்றேன். "எனக்கு ஜன்னல் இருக்கிற ரூம் வேணும்னு ஆசை. ஆசையில சொன்னேன். அது தப்புன்னு உங்க துப்பாக்கிக் கட்டையைக் கையில வாங்கினப்பதான் தெரிஞ்சுது. தெரிய ஒன்பது வருஷம் ஆச்சு."

அவர் முன்னால் ஓடைக்குள் இறங்கினார். ஓடைக்கல் வழுக்கியது, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார். பிடித்துக்கொண்டு தாண்டினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மெல்லிய உறைபனி. புல் மட்டும் வெளுத்தது. போதாது. ரோலண்ட் ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்தார், இரண்டு கோப்பையோடு.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று இரவு ஃபாரன்ஹீட்டில் பதினெட்டு டிகிரி, உறைநிலைக்கும் வெகு கீழே! இன்று அதைவிடக் குறையுமாம். பறவைத் தொட்டித் தண்ணீர் கல்லாகிவிட்டது. ஆர்விட் சவுனா நீராவி அறைக்கு விறகு அள்ளிக்கொண்டே, "குளிருக்குக் கை தட்டுற ஒரே பொம்பளை நீதான்," என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

எங்கிருந்து தொடங்க?

எட்டு மணிக்கு நிலத்தின் வாசலில் நின்றோம். ஒரே இரவில் யாரோ காட்டை மிதித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இடுப்பளவு நின்ற பெரணியெல்லாம் கறுத்து, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. இத்தனை நாள் பார்க்க முடியாத கல், கட்டை, பள்ளம் எல்லாம் வெளியே தெரிந்தன.

வழக்கமாகத் தேடும் பாதையில் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் நடந்தோம். வடக்கே மேகம் ஈய நிறத்தில் திரண்டிருந்தது. திரும்பும்போது ரோலண்ட் பாதைக்கு இடப்பக்கம் நின்று சிறுநீர் கழிக்க வேண்டும் என்றார். நான் மரியாதையாக வலப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கே நின்றது.

நாற்பது அடி தூரத்தில், மேப்பிள்கூட இல்லை, ஒரு பிர்ச் மரத்தில் சாய்ந்து. கறுத்த தரைக்கு நடுவே மூன்றடிப் பொன். ஓர் ஓலை மட்டும் சாக மறுத்து நிற்கிற மாதிரி.

"ரோலண்ட்!"

"கொஞ்சம் பொறுங்க!"

"பொறுக்க முடியாது! ரோலண்ட்!"

பாதி பெல்ட்டோடு ஓடி வந்தார். பார்த்தார். உடனே போய் எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அங்கேயே நின்றார். "இவ்வளவு நாளும் இந்தப் பக்கமா போனோமே. பதினாறு நாளு…" என்றார். பிறகு மெதுவாக, "சே. என்னா வேலை பண்ணியிருக்கீங்க! நான் அன்னிக்கு ஒழுங்கா பார்க்கவே இல்லையே," என்றார்.

கையால் இழுக்கும் கம்பியில் துரு. தொலைநோக்கிக்குள் ஆவி. அடிக்கட்டையில் ஒரு நத்தை குடித்தனம் வைத்திருந்தது. பேனாக்கத்தியால் டேப்பின் ஒரு மூலையை உரித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வால்நட், எண்ணெய் மினுக்கத்தோடு, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். மூன்று அடுக்கு வண்ணமும் டேப்பும் மழையை உள்ளே விடவில்லை.

விரலால் தடவிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அதன் மேல் வைத்தார்.

மார்லாவுக்கு போன் பண்ணினோம். தபால் ஆபீசில் வரிசையில் நின்றவர்களோடு சேர்ந்து அவள் கத்தியது இங்கே கேட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

காலை முதல் பனி. மாலைக்குள் ஆறு அங்குலம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு வேலையும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 25, சனி

அணிக்கூட்டம். மார்லா புதுச் சட்டம் போட்டாள்: டீச்சர் வண்ணம் அடித்த துப்பாக்கியை யாரும் தரையில் வைக்கக் கூடாது. ரோலண்ட் சார் மட்டும் கூடுதலாகத் துப்பாக்கியைக் கயிற்றால் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்.

"மணியும் கட்டிடுங்க, மாடுன்னு முடிவு பண்ணிட்டீங்க," என்றார் அவர்.

டிசம்பர் 2, செவ்வாய்

என் துப்பாக்கியில் இன்னும் பிளாஸ்டிக் கட்டை இருப்பது ரோலண்டின் கண்ணை உறுத்துகிறதாம். நவம்பரிலிருந்து செவ்வாய்தோறும் அவர் வீட்டுப் பட்டறைக்குப் போகிறேன். ஒரு செர்ரிப் பலகை கொடுத்திருக்கிறார். இன்று இழைப்புளியை மரத்தின் ரேகைக்கு எதிராகத் தள்ளி, ஒரு விரல் நீளம் பிய்த்துவிட்டேன்.

அவர் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "கோஸ்கெலா, பின் பெஞ்சு," என்று கை காட்டினார்.

போய் உட்கார்ந்தேன். ஜன்னல் இல்லாத அறை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத் தெரிகிறது.